அபூ ஸைதின் பசி: இலக்கியத்திலும் திரையிலும் எளிய முஸ்லிம்

அரபுக் கல்லூரியில் ஓதியவர் எவரும் ஹரீரியின் 'மகாமாத்' நூலை மறந்திருக்க மாட்டார். அதில் மனனம் செய்த அருஞ்சொற்கள் மறந்து போயிருக்கலாம். அவற்றை மனனம் செய்யப் பட்ட பாடு மறக்காது. ஹிஜ்ரி 516இல் (கி.பி. 1122) மறைந்த பஸ்ராவின் ஹரீரி எழுதிய ஐம்பது மகாமாக்களில் நாம் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டைத்தான் ஓதுகிறோம். அந்தப் பத்துப் பன்னிரண்டுக்கே அகராதிகள் கிழிந்து போகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் முதல் மகாமாவை நடத்திக் கொண்டிருந்தேன். ஸன்ஆ நகரில் ஒருவர் உலகப் பற்றைத் துறக்குமாறு உருக்கமாக உபதேசம் செய்கிறார். கேட்டவர்கள் மனம் கசிந்து காசு கொடுக்கின்றனர். கதை சொல்லியான ஹாரிஸ் இப்னு ஹம்மாம் அவரைப் பின்தொடர்ந்து சென்று பார்த்தால், ஒரு குகையில் அந்த உபதேசியார் வெள்ளை ரொட்டியும் சுட்ட ஆட்டுக்குட்டி இறைச்சியும் மதுவுமாக உட்கார்ந்திருக்கிறார். அவர்தாம் அபூ ஸைத் அஸ்ஸரூஜி. நூல் முழுவதும் வேடம் மாற்றி, ஊர் மாற்றி, நாவன்மையால் காசு பறிக்கும் அற்புத ஏமாற்றுக்காரர். மாணவர்கள் சிரித்தனர். ஒருவர் மட்டும் சிரிக்காமல் கேட்டார்: "ஹஜ்ரத், இவ்வளவு அரபு தெரிந்தவர் ஏன் கையேந்த வேண்டும்? அந்த ஊரில் அவருக்கு ஒரு வேலையும் கிடைக்கவில்லையா?"

அம்மாணவரின் தந்தை திருச்சுழிக்குத் தெற்கே கரிமூட்டம் போடுபவர். பாட்டனார் அருப்புக்கோட்டையில் கூலிக்குத் தறி நெய்தவர். தறி சோறு போடாத காலம் வந்தபோது, கண்மாய்களையும் தரிசுகளையும் நிறைத்துக் கிடந்த சீமைக்கருவேலம் அக்குடும்பத்துக்குச் சோறு போட்டது. வெட்டி அடுக்கி, மண்பூசி, தீ உள்ளேயே அடங்கி எரியுமாறு இரவு பகலாய்க் காவல் காத்து, கரியாக்கி மூட்டை பிடித்துத் தரகுக்காரரிடம் கொடுக்கும் பிழைப்பு அது. நான் அவருக்குச் சொன்ன விடை, "பாடத்தைப் பார்" என்பதுதான். அந்தச் சொல்லின் இலக்கண அமைப்பு என்ன, அதன் பன்மை என்ன என்று கேட்டு வகுப்பை நகர்த்திவிட்டேன். அந்தக் கேள்வி என்னிடமே தங்கிவிட்டது. இக்கட்டுரை அதற்குக் காலந்தாழ்ந்து எழுதும் பதில்.

*

முதலில் ஹரீரியிடமே செல்வோம். அவர் ஏழையல்லர், பெரும் பேரீச்சந்தோப்புகளுக்கு உரியவர், அரசுப் பணியில் இருந்தவர் என்று வரலாற்றாசிரியர் குறிப்பர். வசதி படைத்த ஒருவர் பிச்சைக்காரர் ஒருவரைத் தம் நூலின் நாயகராக்கினார். அவருக்கு முன்னோடியான ஹமதானியும் அவ்வாறே செய்தார். இது தற்செயலன்று. அந்நூற்றாண்டுகளில் பெருநகரங்களின் மஸ்ஜித் வாசல்களிலும் கடைத்தெருக்களிலும் நாடிழந்தவர், வேலையிழந்தவர், கல்வியிருந்தும் புரவலரில்லாதவர் எனப் பெருங்கூட்டம் அலைந்தது. அபூ ஸைத் தம் ஊராகிய ஸரூஜை எதிரிகளிடம் இழந்து வெளியேறியவராகவே பேசுகிறார். அதாவது அவர் அகதி. ஆனால் நாம் அவரை மொழிவித்தகராக மட்டுமே மாணவருக்கு அறிமுகம் செய்கிறோம். ஹிஜ்ரி 634இல் (கி.பி. 1237) இந்நூலுக்கு ஓவியம் தீட்டிய வாஸிதீ கடைத்தெருவையும் கிராமத்தையும் ஒட்டகக் கூட்டத்தையும் தீட்டினார். ஓவியரின் கண்ணுக்குத் தெரிந்த ஊர், உரையாசிரியராகிய நமக்குத் தெரியாமல் போனது வியப்புத்தான்.

ஹிஜ்ரி 255இல் மறைந்த ஜாஹிழ் இன்னும் ஒருபடி மேலே சென்றவர். அவரது 'புகலா' கஞ்சர்களைப் பற்றிய நகைச்சுவை நூல் என்று மட்டும் சொல்லி விடுவது வழக்கம். அதில் பஸ்ரா மஸ்ஜிதில் கூடியமர்ந்து, எண்ணெயையும் தண்ணீரையும் எப்படி மிச்சம் பிடிப்பது என்று மார்க்க விவாதம் போல விவாதிக்கும் ஒரு குழு வருகிறது. உள்ளே நுழைந்தால் சிரிப்பு வரும்; சற்று நேரத்தில் நம் மஹல்லாவின் திண்ணை நினைவுக்கு வரும். பணம் சேர்ப்பது ஒரு நற்குணமாகவும், கொடாமை ஓர் அறிவுடைமையாகவும் எவ்வாறு உருமாறுகிறது என்பதை அவர் பேச்சுகளின் வழியே காட்டுகிறார். எவரையும் திட்டவில்லை; பேச விடுகிறார், அவ்வளவே.

நவீன காலத்தில் தாஹா ஹுஸைன் 'பூமியில் வதைபடுவோர்' என்ற பொருள்பட ஒரு நூல் எழுதினார். எகிப்தின் அன்றைய அரசு அதை வெளிவர விடாததால் அது லெபனானில் அச்சாயிற்று. ஏழையைப் பற்றி எழுதுவதில் அரசுக்கு என்ன அச்சம் என்று கேட்கலாம். ஏழை இருக்கிறான் என்று எழுதினால் எவரும் அஞ்சுவதில்லை. அவன் ஏன் ஏழையாக இருக்கிறான் என்று எழுதினால்தான் அச்சம் பிறக்கிறது. இந்த வேறுபாடு இக்கட்டுரைக்கு முதன்மையானது. வறுமையை ஒருவனின் குணமாகவோ விதியாகவோ காட்டும் எழுத்து வேறு. அவன் மீது ஊரும் உறவும் சந்தையும் சட்டமும் எப்படி அழுத்துகின்றன என்று காட்டும் எழுத்து வேறு.

*

தமிழுக்கு வருவோம். தமிழ் முஸ்லிம்களின் முதல் நாவல், 1885இல் இலங்கையின் சித்திலெவ்வை மரைக்கார் எழுதிய 'அஸன்பேயுடைய சரித்திரம்'. அது உயர்குடிப் பிள்ளையொருவனின் கதை. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் வெளியிட்ட 'காதலா கடமையா' அரசகுலக் கதை. இது குறையன்று, அக்காலத்து நாவலின் இயல்பே அது. 'பிரதாப முதலியார் சரித்திர'மும் பெருநிலக்கிழார் வீட்டில்தான் தொடங்குகிறது. ஆயினும் நம் புனைகதை உள்ளூர்த் தெருவுக்குள் இறங்க நூறாண்டு பிடித்தது என்பதைக் குறித்துக் கொள்ள வேண்டும்.

இறங்கியவர் தோப்பில் முஹம்மது மீரான் (1944–2019). 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை' முதலில் 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து, 1988இல் நூலாயிற்று. வடக்கு வீட்டு அஹமதுக் கண்ணு முதலாளியும் அவரை எதிர்த்து நின்ற சுறாப்பீலி வியாபாரி மஹ்மூதும் இன்று தமிழ் வாசகர் அனைவரும் அறிந்த பாத்திரங்கள். இந்நாவலின் பெருமை முதலாளி கொடியவர் என்று காட்டியதில் இல்லை. கொடிய செல்வந்தரைச் சினிமா நமக்கு வேண்டிய மட்டும் காட்டியிருக்கிறது. முதலாளியின் சொல்லுக்கு எவ்வாறு மார்க்கத்தின் குரல் வாய்க்கிறது, பள்ளிவாசலும் தங்ஙளும் பள்ளிக்கூடத்துக்கு எதிரான பேச்சும் எவ்வாறு ஒரு குடும்பத்தின் கௌரவத்துக்குக் காவலாகின்றன என்று காட்டியதில்தான் இருக்கிறது. ஏழை பயப்படுவது முதலாளியின் அடியாளுக்கு மட்டுமன்று, மறுமைக்கும் பயப்படுகிறான். இரு பயங்களையும் ஒரே கயிற்றில் முறுக்கிய சூத்திரத்தை மீரான் அவிழ்த்துக் காட்டினார்.

1997இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற 'சாய்வு நாற்காலி' இதன் மறுபக்கம். உழைத்தறியாத முஸ்தபாக்கண்ணு வீட்டுப் பொருளை விற்று விற்று உண்கிறார். குடும்பப் பெருமை ஒரு மர நாற்காலியாய் எஞ்சுகிறது. வீழும் செல்வனின் வெறுமையை இவ்வளவு நெருக்கமாக எழுதியவர் தமிழில் சிலரே. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மீரானின் நாவல்களில் நம் மனத்தில் ஆழப் பதிவது முதலாளியின் வீடுதான். மஹ்மூதின் எதிர்ப்பு நினைவில் நிற்கும் அளவுக்கு அவரது பிழைப்பு நிற்பதில்லை. ஏழை அங்கே முதலாளியின் எதிரொலியாக வருகிறார். எசமானன் இல்லாத நேரத்தில் அவர் என்ன எண்ணினார், என்ன கணக்குப் போட்டார் என்பது குறைவு. இது எனது வாசிப்பு, மாறுபடுவோர் இருக்கலாம்.

இவ்விடத்தைச் சற்று நிரப்பியவர் கீரனூர் ஜாகிர்ராஜா. 'மீன்காரத் தெரு'வில் ஒரே ஊரின் முஸ்லிம்கள் இரு தெருக்களாகப் பிரிந்து கிடக்கின்றனர். ஒருபுறம் வசதியானவர்களின் பங்களாத் தெரு, மறுபுறம் மீன்காரத் தெரு. தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்பவர்கள் சம்பந்தம் பேசும்போது எதிரெதிர்த் தெருக்களாகிவிடுகின்றனர். ராவுத்தர், லெப்பை, மரைக்காயர் என்ற பெயர்கள் வெறும் பட்டப்பெயர்கள் என்று நாம் மேடையில் சொல்வதுண்டு. 2007இல் தமிழக அரசு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கியபோது, பட்டியலில் ராவுத்தரையும் மரைக்காயரையும் லெப்பை என்ற ஒரே வரியில் அடக்கியது. அரசாணை ஒரு வரியில் சேர்த்து வைத்ததைத் திருமணப் பேச்சு மூன்று வரியாகப் பிரித்து விடுகிறது. ஜாகிர்ராஜா எழுதியது அந்தப் பிரிப்பைத்தான்.

சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) பெண்களின் கதை என்றே பேசப்பட்டது. ஆதரித்தவரும் எதிர்த்தவரும் அவ்வாறே பேசினர். அதிலுள்ள வர்க்கக் கதையை எவரும் போதிய அளவு கவனிக்கவில்லை. வசதியான வீட்டு ஆண் ஒருவரின் வெளியுறவு ஊரறிந்த இரகசியமாய்ப் பல்லாண்டு நடக்கிறது, ஜமாஅத் கூடுவதில்லை. ஏழை நூரம்மாவின் மகள் வேற்றுச் சமயத்தவன் ஒருவனோடு போய்விடுகிறாள். ஊர் உடனே கூடுகிறது, தண்டனை தாய் மீது இறங்குகிறது. இரண்டும் மார்க்கத்தில் தவறுதான். ஆனால் ஜமாஅத் கூடுவதற்குத் தவறு போதாது. தவறு செய்தவர் ஏழையாகவும் இருக்க வேண்டும். நாவலாசிரியை இதை வாதமாக வைக்கவில்லை. இரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைக்கிறார். நாம்தான் அவ்விரண்டையும் சேர்த்துப் படிக்காமல், எந்தப் பக்கத்தில் ஆபாசம் இருக்கிறது என்று தேடிக் கொண்டிருந்தோம்.

இந்நூல்கள் வந்தபோதெல்லாம் நம்மிடையே எழுந்த முதற்குரல், 'நம் வீட்டு அழுக்கைத் தெருவில் அலசலாமா' என்பது. அதில் நியாயம் சிறிதும் இல்லை என்று சொல்ல மாட்டேன். சூழ இருப்போர் நம்மைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் காலத்தில், குடும்பக் குறையை வெளியே பேசத் தயங்குவது மனித இயல்பு. ஆனால் ஓதியவர்கள் அதைச் சொல்லும்போது எனக்கு 'அபஸ' அத்தியாயம் நினைவுக்கு வரும். குறைஷித் தலைவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் பேசிக் கொண்டிருந்த வேளையில், பார்வையற்ற ஏழைத் தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) வந்தார். அவர்பால் முகம் திருப்பாத அந்த ஒரு கணம் இறைவேதத்தில் பதிவாகி, உலகமெங்கும் தொழுகையில் சத்தமாக ஓதப்பட்டு வருகிறது. அதை மறைக்க எவரும் முயலவில்லை. அருமை நபியின் விஷயத்திலேயே மறைக்கப்படாத ஒன்றை, நம் ஊர் முதலாளியின் விஷயத்தில் மறைக்க வேண்டுமென்பது எந்த மரபு?

*

நம் கரிசல் நாட்டை எழுதிய தமிழ் எழுத்தாளர் பலர். கி. ராஜநாராயணன் இடைசெவலிலிருந்து எழுதினார். பூமணியின் 'பிறகு' (1979) செருப்புத் தைக்கும் அழகிரியின் வாழ்வைச் சொன்னது. 'வெக்கை' (1982) பின்னர் 2019இல் 'அசுரன்' என்ற திரைப்படமாயிற்று. மேலாண்மை பொன்னுச்சாமியின் சிறுகதைகளில் மானாவாரிச் சம்சாரியும் தீப்பெட்டிக் கூலியும் வந்தனர். 'பிறகு' நாவலை நான் விரும்பி ஓதியதற்குக் காரணம் உண்டு. அழகிரியின் துயரத்தை அது சொல்வதற்கு முன் அவரது தொழிலைச் சொல்கிறது. தோல், ஊசி, வாடிக்கையாளர், கூலியாகக் கிடைக்கும் தானியம் என்று அவரது நாள் நமக்குத் தெரிகிறது. தொழில் தெரிந்தபின் அவமதிப்பை எழுத்தாளர் விளக்க வேண்டியதில்லை.

இவர்களின் படைப்புகளில் முஸ்லிம் எங்கே என்று கேட்டால், பெரும்பாலும் ஆட்டு வியாபாரியாகவோ, சந்தைக்கு வந்து போகும் பாயாகவோ, ஓரிரு பக்கத்துக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். அவர்களைக் குறைகூற இயலாது. அவரவர் தம் தெருவை எழுதினர். நம் தெருவை நம்மில் எவரும் எழுதவில்லை. தமிழ் முஸ்லிம் புனைகதை கடற்கரையை எழுதியது, பழனி வட்டாரத்தை எழுதியது, துவரங்குறிச்சியை எழுதியது, அர்ஷியாவின் வழியே மதுரையை எழுதியது. குண்டாற்றின் இருமருங்கும் மழையை நம்பி, கருவேலத்தை நம்பி, வெளியூர்க் கடையை நம்பி வாழும் முஸ்லிம் குடும்பங்கள் இன்னும் எழுத்தில் குடியேறவில்லை. 2018இல் நடுவணரசு 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று பட்டியலிட்டபோது தமிழகத்திலிருந்து அதில் இடம்பெற்றவை விருதுநகரும் இராமநாதபுரமும். ரமளானில் இங்கிருந்து பேருந்தேறி, ஜகாத் கொடுக்கும் கடலோர ஊர்களின் வாசல்களில் வரிசையாய் நிற்கும் பெண்களை நான் அறிவேன். வீடு திரும்பியதும் எங்கே போனோம் என்பதை அவர்கள் அண்டை வீட்டாரிடம் சொல்வதில்லை. மகாமாத்தின் ஐந்தாம் மகாமாவில் அபூ ஸைத் இரவில் கதவைத் தட்டும் காட்சியை நடத்தும்போதெல்லாம் அவர்களைத்தான் நினைத்துக் கொள்கிறேன்.

திரைப்படத்தைப் பற்றி நான் பேசுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். மாணவர் கைப்பேசியில் பார்ப்பதை ஆசிரியர் அறியாதிருப்பது பேணுதலாகாது. 'பருத்திவீரன்' (2007), 'சுப்பிரமணியபுரம்' (2008) ஆகியவற்றின் வெற்றிக்குப் பிறகு, வறண்ட நிலம் என்றால் அரிவாள் என்று ஒரு வாய்பாடு உண்டாயிற்று. அவ்விரு படங்களின் கலைத்திறனைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அவற்றைப் பார்த்து வந்த படங்கள்தாம் கவலை தருகின்றன. மழை பெய்யாத ஊரில் மனிதரின் கோபம் மட்டும் விளைகிறது என்பது போல அவை காட்டின. கடன் வாங்கியவன், கண்மாய் ஏலம் எடுத்தவன், மில்லில் பணியிழந்தவன் எவரும் அவற்றில் இல்லை. கோபக்காரன் மட்டும் இருக்கிறான். வறுமையைக் குணமாக்குவது என்று மேலே சொன்னது இதைத்தான்.

முஸ்லிமைப் பொறுத்தவரை திரைக்கு இரண்டே ஆள்கள்தாம். 'ரோஜா' (1992) முதல் வந்த துப்பாக்கி ஏந்திய முஸ்லிம் ஒருவர். பிரியாணி கொடுத்து, இறுதிக்காட்சியில் நண்பனுக்காக உயிரும் கொடுக்கும் நல்ல பாய் மற்றவர். முதலாமவரை நாம் எதிர்த்தோம். 2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' வந்தபோது முஸ்லிம் அமைப்புகள் ஒன்றுகூடி எதிர்த்தன; தமிழக அரசு இரு வாரத் தடை விதித்தது; பின்னர்ச் சில பகுதிகள் நீக்கப்பட்டுப் படம் வெளியாயிற்று. மார்க்கம் இழிவுபடுத்தப்படுகிறது என்று கருதும்போது எதிர்ப்பது உரிமை. அதில் எனக்குக் கேள்வியில்லை. எனது கேள்வி இரண்டாமவரைப் பற்றியது. நல்ல பாய்க்கு வாடகை உண்டா? மகளுக்குக் கைக்கூலி சேர்க்க வேண்டியிருக்கிறதா? அவர் எந்தத் தரகுக்காரரிடம் கடன்பட்டிருக்கிறார்? இவை ஒன்றும் இல்லாத மனிதரைக் காட்டியபோது நாம் மகிழ்ந்து, 'நம்மை நல்லவராகக் காட்டினார்கள்' என்று திருப்தியடைந்தோம். நம் மானத்தைப் பற்றிக் கவலைப்பட்ட அளவுக்கு நம் ஏழையின் மெய்யைப் பற்றி நாம் கவலைப்படவில்லை.

எவ்வாறு காட்டலாம் என்பதற்கு விருதுநகர்க்காரரான வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' (2010) ஓர் எடுத்துக்காட்டு. ரயில்வே கேட்டில் தந்தையை இழந்த, நன்கு படிக்கும் தென்மாவட்டத்துப் பையன் சென்னை ரங்கநாதன் தெருத் துணிக்கடைக்கு ஆளாகப் போகிறான். நின்றே கழியும் வேலைநேரம், சாப்பாட்டுக்கூடத்து நெரிசல், தாமதத்துக்குச் சம்பளப் பிடித்தம் என்று அழுத்தம் எந்தெந்த வழியாக உடம்பில் இறங்குகிறது என்பதை அப்படம் காட்டிற்று. படத்தின் பிற்பகுதியில் துயரம் மிகையாகிவிட்டது என்பது உண்மை. ஆயினும் அதைப் பார்த்த என் மாணவர் இருவர், தம் அண்ணன்மார் எங்கே வேலை செய்கிறார்கள் என்பதை எனக்கு அதன் பிறகுதான் சொன்னார்கள். அதுவரை, 'மெட்ராசில் வியாபாரம்' என்றுதான் சொல்லி வந்தனர்.

*

இனி, சொல்லத் தயங்கியதைச் சொல்ல வேண்டும். இலக்கியத்தையும் திரையையும் இவ்வளவு விசாரித்துவிட்டு, எங்கள் பாடநூலை விசாரிக்காமல் விடுவது நேர்மையாகாது.

ஹனஃபீ மத்ஹபின் அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும் 'ஹிதாயா'வில், நிகாஹ் பாடத்தில், கஃபாஅத் என்னும் இணைப்பொருத்தம் பற்றிய பிரிவு உண்டு. குலம், மார்க்கப் பற்று, செல்வம் ஆகியவற்றோடு தொழிலும் அங்கே பேசப்படுகிறது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடமிருந்து இதில் இரு அறிவிப்புகள் உள்ளன. இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் ஓர் அறிவிப்பின்படி, மிகத் தாழ்ந்ததெனக் கருதப்படும் தொழிலன்றி மற்றவற்றில் வேறுபாடு இல்லை. அதற்கு உதாரணமாகச் சொல்லப்படுவோர் இரத்தம் குத்தியெடுப்பவரும் நெசவாளரும் தோல் பதனிடுபவரும் ஆவர். நெசவாளர்! அருப்புக்கோட்டையில் உட்கார்ந்து இதை ஓதுகிறவனுக்கு நாக்கு ஒரு கணம் நிற்காமல் போகாது. தொழில் நிலையானதன்று, தாழ்ந்ததிலிருந்து உயர்ந்ததற்கு மாறிக்கொள்ளலாம் என்று, அதைப் பொருட்படுத்தாத கருத்துக்கும் அதே நூல் காரணம் கூறுகிறது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் மார்க்கப் பற்று ஒன்றையே பொருத்தமாகக் கொண்டார்கள் என்பதும் எல்லாரும் அறிந்தது.

இவை சமூக வழக்கத்தின் மீது எழுந்த சட்டங்கள். அவ்வூர் மக்கள் எதைப் பெருமையாகவும் எதை இழிவாகவும் எண்ணினர் என்பதன் பதிவு. ஆகவேதான் ஹிஜ்ரி 861இல் மறைந்த இப்னுல் ஹுமாம், ஹிதாயாவுக்கு எழுதிய 'ஃபத்ஹுல் கதீர்' என்னும் விரிவுரையில், இஸ்கந்தரிய்யா நகரில் நெசவுக்கு நன்மதிப்பு உண்டு, அது குறையாகக் கருதப்படுவதில்லை, ஆகவே அங்கே நெசவாளர் அத்தர் வியாபாரிக்கு இணையாவார் என்று எழுதினார். ஊரைக் கண்ணால் பார்த்துச் சட்டத்தை எழுதிய ஃபகீஹ் அவர். நல்ல நாவலாசிரியரும் அதைத்தான் செய்கிறார். மீரானின் 'அஞ்சுவண்ணம் தெரு' (2008), நெசவாளர் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்ட ஒரு தெருவின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் சொல்கிறது. அதைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இப்னுல் ஹுமாமின் அந்த ஒரு வரிதான். மேலப்பாளையத்தில் நெசவும் பீடிச்சுற்றும் முஸ்லிம்களின் சோறு. அவ்வூரில் நெசவாளர் என்பது வசவாகுமா? இஸ்கந்தரிய்யாவைப் பார்க்க நாம் எகிப்து போக வேண்டியதில்லை.

ஆனால் தேவைப்பட்ட நாளில் அந்த வரியை நான் சொல்லவில்லை.

வகுப்பில் கேள்வி கேட்ட அந்த மாணவர் ஸனது பெற்று ஓரிடத்தில் இமாமாகச் சேர்ந்தார். அருகிலுள்ள ஊரொன்றின் மளிகை வியாபாரி வீட்டில் பெண் பேசினர். பெண்ணின் தந்தைக்கு மாப்பிள்ளையின் ஓதலும் ஒழுக்கமும் பிடித்திருந்தன. பெண்ணின் மாமன்மாருக்குக் கரிமூட்டமும், அதற்கும் முன்பிருந்த தறியும் பிடிக்கவில்லை. பேச்சு முற்றி, மார்க்கம் என்ன சொல்கிறது என்று கேட்க என்னை அழைத்தனர். நான் ஹிதாயாவின் அப்பகுதியை வாசித்துப் பொருள் சொன்னேன். இரு அறிவிப்புகளையும் சொன்னேன். மாலிக் இமாமின் கருத்தையும் சொன்னேன். இறுதி முடிவு குடும்பத்தாருடையது என்றும் சொன்னேன். குற்றம் காண முடியாத விடை. 'நெசவாளர்' என்ற சொல் வாயிலிருந்து வந்ததுமே மாமன்மார் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டனர். அதற்குப் பின் நான் சொன்ன எதையும் அவர்கள் கேட்கவில்லை என்பதை நான் அறிந்தேன். ஃபத்ஹுல் கதீர் கல்லூரி நூலகத்தில் இருந்தது. எழுந்து போய் எடுத்து வரச் சிறிது நேரம்தான் ஆகியிருக்கும். அழைத்தவர் ஊரில் மதிக்கப்பட்டவர், தேநீர் வந்திருந்தது, நான் எழவில்லை.

அச்சம்பந்தம் நடக்கவில்லை. மாணவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அடுத்த பெருநாளுக்கும் வந்து ஸலாம் சொல்லிக் கைகொடுத்துப் போனார். பிறகு வேறு மாவட்டத்துப் பள்ளிவாசல் ஒன்றுக்கு மாறிச் சென்று, அங்கேயே மணமுடித்தார்.

ஆகவே நாவல்களையும் படங்களையும் குறைசொல்லும் தகுதி எனக்குண்டா என்று வாசகர் கேட்டால், மறுக்க மாட்டேன். அஹமதுக் கண்ணு முதலாளியின் வாசலில் நின்ற ஆலிமை மீரானின் பக்கங்களில் கண்டு நான் முன்பு கோபப்பட்டதுண்டு. ஆலிம்களை இழிவு செய்கிறார் என்று நண்பர்களிடம் பேசியதும் உண்டு. அந்தத் தேநீருக்குப் பிறகு அந்நாவலை மறுபடி எடுத்துப் படித்தேன். அந்த ஆலிமை எனக்கு நன்கு தெரிந்திருந்தது.

மகாமாத் பாடத்தை இப்போது வேறு விதமாக நடத்துகிறேன். அருஞ்சொற்களை விடவில்லை, விடவும் கூடாது. ஆனால் குகைக்குள் நுழைவதற்கு முன், ஸரூஜ் எங்கே இருக்கிறது, அது யார் கையில் விழுந்தது, அங்கிருந்து வெளியேறியவர்கள் எந்தெந்த ஊர்களில் என்ன வேலை பார்த்திருக்கக் கூடும் என்று ஒரு வகுப்பு பேசுகிறோம். அதற்காகப் பாடத்திட்டம் பின்தங்குகிறது என்று சக ஆசிரியர் ஒருவர் கடிந்து கொண்டார். அவர் சொல்வதும் சரிதான்.

அண்மையில் அந்த மாணவர் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மஹல்லாவில் ஒரு சம்பந்தப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டின் தொழில் பற்றிய வழக்கு வந்திருக்கிறதாம். இஸ்கந்தரிய்யாவின் நெசவாளரைப் பற்றி யாரோ எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன், அது எந்த நூலில் இருக்கிறது ஹஜ்ரத், என்று கேட்டார். ஃபத்ஹுல் கதீர், நிகாஹ் பாடம், கஃபாஅத் பிரிவு என்றேன். அன்று மாலையே அப்பக்கத்தைப் படமெடுத்து அவருக்கு அனுப்பி வைத்தேன்.